கத்தரி படாத கால்சட்டை

இன்று காலைச் செய்தித்தாளில் ஒரு கால்சட்டையின் படம் வந்திருக்கிறது. சீனாவின் மேற்குப் பாலைவனத்தில், குதிரைமேல் திரிந்த ஒருவனின் புதைகுழியில் கிடைத்ததாம். மூவாயிரம் வருஷத்துப் பழசு. இதுவரை கிடைத்ததில் இதுதான் மூத்தது என்கிறார்கள். இரண்டு கால்களையும் தறியிலேயே அளவாக நெய்து, நடுவில் அகலமாய் ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள். எங்கும் கத்தரி படவில்லை. உன்னிடம் காட்டப் பேப்பரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். நீ போய் இரண்டு வருஷமாகிறது என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது.

நமக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும், அறுபதுகளின் தொடக்கம். திருப்பூரில், பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் மில்லில் நான் மெஷின்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். கூரைக்கடியில் நீளமாய் ஓர் இரும்புத் தண்டு சுற்றும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தோல் பெல்ட் இறங்கும். ஓடுகிற பெல்ட்டுகளுக்கு நடுவே குனிந்தும் குந்தியும்தான் எண்ணெய் விடவேண்டும். எங்கள் எல்லோருக்கும் வேட்டிதான். ஒருநாள் என்னோடு வேலை செய்தவரின் வேட்டி நுனியைப் பெல்ட் பிடித்துக்கொண்டது. மெஷினை நிறுத்துவதற்குள் அவருடைய வலதுகால் போய்விட்டது.

அன்று சாயங்காலம் நான் உள்ளே நுழைந்தபோது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாய். பிறகு தினமும் அப்படியே. மில் சங்கு ஊதிக் கொஞ்சம் தாமதமானாலும் தெருமுனையில் வந்து நிற்பாய். "ஏனுங்க, அந்த ஸ்டேஷன் மாஸ்டர் போடறாரே, அதாட்ட கால்ல ஒட்டுனாப்புல ஒண்ணு போட்டுட்டுப் போங்களே" என்று ஆரம்பித்தாய்.

"வேட்டியத் தாறு பாய்ச்சி இறுக்கிக் கட்டிக்கறேன், போதாதா அம்மிணி?"

"அவரும் தாறு பாய்ச்சித்தானுங்க கட்டியிருந்தாரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. பேண்ட் என்பது ஆபீசர்கள் சமாசாரம். டெய்லர் முன்னால் போய்க் காலை அகட்டி நின்று அளவு கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மில்லே சிரிக்கும் என்றேன். ரோமாபுரிக்காரர்களும் இப்படித்தானாம், பேப்பரில் போட்டிருக்கிறது. மேலே துணியைச் சுற்றிக்கொண்டு திரிந்த அவர்கள், கால்சட்டை போட்டவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று கேலி பேசியிருக்கிறார்கள். குளிர் தேசத்தில் குதிரைமேல் சண்டைக்குப் போனபிறகு அவர்களே மாட்டிக்கொண்டார்களாம். என்னை மாற்றக் குதிரை ஏதும் இல்லை, நீதான் இருந்தாய்.

"நானே தெக்கறேனுங்க" என்றாய். நீ அதுவரை ஒரு பேண்டைக் கையில் தொட்டதுகூட இல்லை. திருமுருகன்பூண்டிக்குக் கும்பிடப் போன அன்று சிற்பப் பட்டறை ஒன்றில் கல்குதிரை வீரனைக் கண்டதும் நின்றுவிட்டாய். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, உளியோடு இருந்தவரிடமே கேட்டாய். "ஏனுங்க, இவருக்குக் காலுத்துணி ரெண்டும் எங்கீங்க சேருது?" அந்த மனிதர் சிரித்துவிட்டார். "அது சேணத்துக்கடியில போயிருச்சுங்க அம்மிணி. அதுவரைக்கும் நாங்க செதுக்கறதில்லீங்க." நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துணி உன் ஊரான மங்கலத்திலிருந்து வந்தது. உன் அப்பா எனக்கென்று தன் கைத்தறியில் நெய்த கனத்த துண்டுகள், மூலையில் மஞ்சள் தடவியவை. அங்கேதான் தப்பு நடந்தது. "மாப்பிள்ளைக்குன்னு குடுத்த துணீல கத்தரி வெக்கலாமுங்களா? அதும் இந்த நேரத்துல?" என்று சொல்லிவிட்டாய். அப்போது உன் வயிற்றில் பிள்ளை வேறு. என் காலைக் காப்பாற்ற வேண்டிய துணியை நீயே வெட்டுவதா என்று உனக்குப் பயம். வெட்டாமலே இரண்டு துண்டுகளைக் குழாய்போல மடித்து, மேலே ஒன்றாய் இணைத்துத் தைத்துவிட்டாய். நிற்கும்போது நன்றாகத்தான் இருந்தது. மில்லில் முதல் தடவை குந்தினேன், முன்னாலிருந்து பின்னால் வரை கிழிந்தது. அந்தச் சிரிப்புச் சத்தத்தில் மெஷின் சத்தமே கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அதை உன் முன்னால் விசிறி எறிந்தேன். "என்னக் கோமாளி ஆக்கீட்டயே" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. நீ அதை எடுத்து மடித்து வைத்தாய்.

மறுநாள் வேட்டியோடு போனேன். மத்தியானம் வாட்ச்மேன் வந்து, "உங்கூட்டுக்காரம்மா வந்து நிக்குதுங்க" என்றார். வேகாத வெயிலில் இரண்டு மைல் நடந்து வந்திருந்தாய், மூன்று மாத வயிற்றோடு. கையில் அதே கால்சட்டை. மூன்றாவது துண்டை வெட்டாமல் பட்டையாய் மடித்துக் கால்கள் சேருமிடத்தில் அகலமாய் வைத்துத் தைத்திருந்தாய். "இதப் போட்டுட்டு உள்ள போங்க. போடற வரைக்கும் நான் நவுர மாட்டனுங்க." வாட்ச்மேன் பார்க்கிறாரே என்று எனக்கு மானம் போனது. உன்னை அனுப்பினால் போதுமென்று பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்து காட்டினேன். நீ என்னைக் குந்தச் சொன்னாய். குந்தினேன், கிழியவில்லை. அப்புறம்தான் போனாய்.

சாயங்காலம், "ஒண்ணும் ஆகலீங்களே?" என்று கேட்டாய். "என்ன ஆகும்? நாலு பேரு சிரிச்சாங்க" என்றேன்.

நான் சொன்னது பொய் அம்மிணி. நீ போய் அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. கீழே குந்தி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பில் செருகித் தொடையோரம் தொங்கவிட்டிருந்த துடைக்கும் துணியைப் பெல்ட் உருவிக்கொண்டு போனது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது மேலே தண்டில் சுற்றி நார் நாராய்த் தொங்கியது. காலையில் என் வேட்டி நுனி இருந்ததும் அதே இடம்தான். குந்தியபடியே இரண்டு காலையும் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

சொன்னால் மறுநாள் என்னை வேலைக்கு விடமாட்டாய் என்று முதலில் மறைத்தேன். பிறகு, உன்மேல் எரிந்து விழுந்ததை நினைத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. அப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில், உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை வாயெடுத்தேன். பழைய கதையைச் சொல்லி உன்னைப் பயமுறுத்துவானேன் என்று மருந்தைப் பற்றிப் பேசினேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது வண்டியில் வரச்சொல்லி எல்லோரும் வற்புறுத்தினார்கள். நான் கேட்கவில்லை. மயானம் வரைக்கும் உன் பின்னால் என் இரண்டு காலாலும் நடந்தேன்.