ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பொன் கன்று

24 மார்ச் 2003, திங்கள்

பனி உருகி வாசலெல்லாம் சேறு. சப்பாத்து இரண்டும் ஈரம். இடுப்பு வலி. சலவைக்கூடத்தில் இன்று மூன்று வண்டித் துணி கூட.

தர்ஷியின் பையில் பள்ளிக்கூடக் கடிதம். ஈஸ்டர் விடுமுறைக்கு முன் ஐந்தாம் வகுப்பு நாடகம், மோசேயின் கதை. எபிரேயர் எகிப்தை விட்டு வருவார்கள், மோசே மலைக்கு ஏறுவார், கீழே சனம் பொன்னில் கன்றுக்குட்டி செய்து கும்பிடும். அவர் இறங்கி வந்து கன்றை அடித்து நொறுக்குவார். அந்தக் கன்றை எங்கள் வீட்டில் செய்து தர முடியுமா என்று ஆசிரியை கேட்கிறார். காரணமும் எழுதியிருக்கிறார்: உங்களுக்கு இதில் பழக்கம் உண்டல்லவா.

பழக்கம்! வகுப்பில் இத்தனை பிள்ளைகள், மாடு செய்ய எங்கள் வீடுதான் கண்ணில் பட்டது.

மாலாவிடம் கத்தினேன். அவள் கடிதத்தை வாசிக்கவே இல்லை, ஆனால் தொலைபேசியில் ஓம் சொல்லி முடித்துவிட்டாள். "பிள்ளை ஆசைப்படுது. நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இருங்கோ, அது காணும்."

26 மார்ச், புதன்

வேலையை ஒரு மணித்தியாலம் முந்தி விட்டுப் பள்ளிக்கூடம் போனேன். ஆசிரியை இளம் பெண். கையில் கோப்பி, சிரித்த முகம். சிரித்த முகத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"தர்ஷிக்குப் பெரிய பாத்திரம். கன்றைச் சுற்றி ஆடுகிறவர்களுக்கு அவள்தான் தலைவி."

"பிறகு?"

"பிறகு... கதையில் அவர்கள் இறந்துவிடுவார்கள்."

ஆக, மாட்டைச் சுற்றி ஆடிச் சாக ஒரு பிள்ளை தேவைப்பட்டது. என் பிள்ளை கிடைத்தாள்.

மனிதர் பல தெய்வங்களை விட்டு ஒரே கடவுளிடம் வந்த கதையாம், பெரிய முன்னேற்றமாம். எங்கள் சாமித்தட்டில் பதினொரு படம் இருக்கிறது, எதிலிருந்து முன்னேறத் தொடங்கலாம் என்று கேட்டேன். என் நோர்வேஜிய மொழியில் அது பகிடியாகக் கேட்டிருக்க வேண்டும். சிரித்தார்.

சமய பாடத்திலிருந்து பிள்ளைக்கு விலக்குக் கேட்கப் படிவம் உண்டு. வாங்கி வந்தேன். தர்ஷி கண்டுவிட்டாள். "அப்பா, இதுதான் எனக்குக் கிடைச்ச முதல் ரோல்." சாப்பிடவில்லை. படிவம் இலாச்சிக்குள்.

29 மார்ச், சனி

மழை. நூலகம். ஆசிரியையின் வாயை அடைக்க ஏதாவது வேண்டும். எபிரேயர் பற்றித் தடித்த புத்தகம், பக்கத்தில் அகராதி, நாலு மணித்தியாலம். குறித்தவை:

- அவர்களும் வீட்டில் களிமண் பெண்ணுருவங்கள் வைத்திருந்தார்கள். அப்போ எங்கள் சாமித்தட்டில் என்ன பிழை?
- ஒரே கடவுள் ஒரே நாளில் வரவில்லை. முதலில் "எங்களுக்கு இவர்". பிறகு "எல்லாரிலும் இவர் பெரியவர்". "வேறு யாருமே இல்லை" என்பது கடைசியில்தான். அதுவும் ஊர் எரிந்து, கோயில் இடிந்து, பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன காலத்தில்.
- நாங்களும் ஊர் எரிந்து வந்தவர்கள்தான். ஆனால் ஒரு கடவுளைக் கண்டுபிடிக்கவில்லை. கோயிலுக்கு இரண்டு நிர்வாகசபை கண்டுபிடித்தோம்.
- வடக்கு ராச்சியத்தில் ராசா கோயிலில் பொன் கன்று வைத்தான். கன்று கடவுள் இல்லையாம். கண்ணுக்குத் தெரியாத கடவுள் அதன் முதுகில் நிற்கிறாராம். சில அறிஞரின் கருத்து.

மேசையில் ஓங்கி அடித்துவிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். வாகனம்! ரிஷப வாகனம்! இதற்குப் பேராசிரியர்கள் எதற்கு? திருவிழாவில் வாகனம் தூக்கித் தோள் காய்த்த எவனைக் கேட்டாலும் சொல்வான்.

அடுத்த பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். தெற்கே எருசலேம்காரருக்கு வடக்குக் கோயில் பொறுக்கவில்லை. கும்பிட எங்கள் கோயில் ஒன்றுதான், அங்கே இருப்பது வெறும் மாடு, கும்பிட்டவன் அழிவான் என்று எழுதிவைத்தார்கள். மோசே கதைக்குள் கன்று வந்ததும் அந்தச் சண்டையால் இருக்கலாமாம்.

இந்த எழுத்து எனக்குப் பழக்கம். போன வருடம் எங்கள் கோயில் சபை உடைந்தது. சிவம் ஆட்கள் பிரிந்துபோய்ப் பக்கத்து நகரமான திராமனில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். திருகோணமலையில் சிவம் வாகனம் செய்கிற குடும்பம். இங்கே தன் கையாலேயே ஒரு ரிஷபம் செய்தான். உடனே பெயர் போடாத ஒரு நோட்டீஸ்: அது வாகனம் இல்லை, பொம்மை, தூக்குகிறவன் குடும்பம் விளங்காது. அந்த மாதமே ஊரில் அவன் தாய் செத்தாள். அவனால் போக முடியவில்லை. சனம் இரண்டையும் முடிச்சுப்போட்டுக் கதைத்தது.

எழுதியது நான். மாலாவுக்கும் தெரியாது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாலு வருடம் ஒரே அறையில் என்னோடு இருந்தவன் சிவம்.

5 ஏப்ரல், சனி

இந்தக் கிழமை ட்வெய்ட்டாக் கடைகளில் வாங்கியவை: பொன் நிறப் பெயின்ற் இரண்டு பேணி, கோழிவலை, பசைக்கு மா. மூன்று நாள் நானே முயன்றேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. "அப்பா, இது பண்டியா?" என்கிறாள் தர்ஷி.

மாலா எனக்குச் சொல்லாமல் சிவத்துக்குத் தொலைபேசி அடித்துவிட்டாள். பத்து மணிக்கு வாசலில் நிற்கிறான். மெலிந்திருந்தான்.

"எப்பிடி இருக்கிறீங்கள்?"

டேய் போட்டுக் கதைத்தவன். எனக்கு எரிந்தது. என் பன்றியைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கம்பியை வளைக்கத் தொடங்கினான். பிற்பகலுக்குள் திமிலும் மடித்த காலும் வந்துவிட்டன. எனக்குப் பொறாமை.

"நாடகத்தில இது என்ன செய்யுது?"

"சனம் சுத்தி நிண்டு ஆடும்."

"திருவிழா மாதிரியோ?"

"ஓம்."

அடித்து நொறுக்குவார்கள் என்று சொன்னால் அவன் தொட்டிருக்க மாட்டான், தர்ஷி அழுவாள். அதற்காகத்தான் சொல்லவில்லை. பொய். உள்ளே கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. உன் ரிஷபம் ஒன்று நொறுங்கட்டும் என்று.

தர்ஷியிடம்: கடைசிக் கட்டத்தை மாமாவிடம் சொல்லாதே, பார்க்கும்போது புதிதாக இருக்கட்டும். அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

6 ஏப்ரல், ஞாயிறு

வெயில். சிவம் தலை முழுகி, பச்சைத் தண்ணீரும் குடிக்காமல், முதல் ரயிலில் வந்திருக்கிறான். கண் திறந்து வரைவது மட்டும் பாக்கி.

"பள்ளிக்கூடச் சாமானுக்கு ஏன் இந்தப் பாடு?" என்றேன்.

"எனக்கு வேற மாதிரிச் செய்யத் தெரியாது. கண் துறந்தால்தான் அதுக்கு உயிர்."

எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினான். தர்ஷியை மட்டும் கூப்பிட்டுக் கன்றின் முன்னால் நிறுத்தினான். திறக்கிற கண் முதலில் நல்லதைப் பார்க்க வேண்டுமாம், பெண்பிள்ளை என்றால் விசேஷமாம். கதவுக்கு வெளியே நான். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

வெளியே வந்தவனின் கண் கலங்கியிருந்தது. "அம்மா செத்தாப்பிறகு நான் தூரிகை தொடேல்லை." மாலா கோப்பி கொடுத்தாள். நாடகத்துக்குக் கட்டாயம் வா மாமா என்கிறாள் தர்ஷி. நான் பெயின்ற் பேணியைக் கழுவப் போய்விட்டேன்.

11 ஏப்ரல், வெள்ளி

மாலாவுக்கு வேலை. சிவம் வந்தான், கோட்டும் சூட்டுமாக, ஏதோ கலியாண வீட்டுக்குப் போல. எனக்குப் பக்கத்துக் கதிரை.

தர்ஷி ஆடினாள். அழகு. கன்று வெளிச்சத்தில் மின்னியது. பின்னால் ஒருத்தி, "எவ்வளவு நிஜம் போல இருக்கிறது" என்றாள். சிவம் கூச்சத்தோடு சிரித்தான்.

பிறகு பஞ்சுத்தாடி வைத்த மோசே இறங்கி வந்து கத்தினான். ஹொக்கித் தடிகளோடு ஆறு பிள்ளைகள். முதல் அடியே முகத்தில். கால் முறிந்தது, வலை வெளியே வந்தது. சபை கைதட்டியது. ஆசிரியை விசிலே அடித்தார். தர்ஷி ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தாள்.

சிவம் கைதட்டவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"உனக்குத் தெரியும்."

நான் மேடையையே பார்த்தேன்.

"கண் துறக்கேக்கையும் தெரியும். கதவடியில நிண்டனி."

"பிள்ளை ஆசைப்பட்டுது, அதுதான்..."

மேடையில் முறிந்து கிடந்த காலைப் பார்த்தான், பிறகு என்னை.

"அப்ப நோட்டீஸும் நீதான்."

இல்லை என்று ஒரு சொல் போதும். அதுவும் வரவில்லை. அவன் எழுந்து, கதிரை வரிசையில் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, வெளியே போனான்.

தர்ஷி ஓடி வந்தாள். முகமெல்லாம் பொன் தூள். "அப்பா, நான் நல்லாச் செத்தனானா?"

ஓம் என்றேன்.