சபையே எழுந்து பாடிய கச்சேரி

அருவங்காடு,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஆன்சிக்கு,

அப்பாவின் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாரும் கர்த்தர் கிருபையால் சுகம், ஜெர்மனியில் நீயும் உன் ஆஸ்பத்திரி நோயாளிகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுது வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுதும் படி.

கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று நீ ஒற்றைக்காலில் நிற்கிறாயே, அந்த பிரைட்டன் சனிக்கிழமை சாயங்காலம் குன்னூரில் நம் சபைக் கோயிலில் வந்து தனி ஆளாக வாசித்தான். ஒருதரம் கேட்டுவிட்டு அப்புறம் வேண்டாமென்று சொல்லுங்கள் என்று அப்பாவிடம் நீ சவால் விட்டதால் அவரும் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, வேண்டாம் என்பதை வாயில் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உலகத்தில் பேங்க் இருக்கிறது, அப்பா வேலை பார்த்த ஃபேக்டரி இருக்கிறது, உனக்கு வாய்த்தவன் முந்நூறு வருஷத்துப் பழைய பாட்டை அந்தக் காலத்து வாத்தியத்தில் வாசிக்கிறவன். நல்ல தேர்வு, மகராசி! ஹார்ப்சிகார்டாம். பெங்களூரிலிருந்து அது மெத்தை போட்ட வேனில் வந்தது, மாப்பிள்ளை பஸ்ஸில் வந்தார். பார்த்தால் பியானோ டைபாய்டில் இளைத்தது மாதிரி இருக்கிறது. நம் ஊர் மூடுபனி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்க்க உட்கார்ந்துவிட்டான். வாசிக்கறதை விடத் திருகறதுதான் ஜாஸ்தி, இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா என்று அப்பா என் காதைக் கடித்தார். கிளப்பிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் கண்ணை மூடி ரசித்தார்கள், நம் ஜனமும் கண்ணை மூடியிருந்தது, தூக்கத்தில்.

அப்புறம்தான் கூத்து. என்னவோ ஒன்றை ஆரம்பித்தான், பார்த்தால் கர்த்தர் சிலுவையில் மரித்த பெரிய வெள்ளிக்கு நாம் பாடுகிற பாட்டின் மெட்டு, அந்தக் காலத்து ஜெர்மன் பாதிரிமார் கொண்டுவந்தது! தபித்தாள் அக்காவைத்தான் உனக்குத் தெரியுமே, கோயிலில் மெட்டு எழும்பினால் எழுந்து நின்று பாடித்தான் பழக்கம். சடக்கென்று எழுந்து குரலை எடுத்தாள். அவள் எழுந்தால் சபை உட்கார்ந்திருக்குமா? பெரிய வெள்ளிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதென்ற நினைப்புகூட இல்லாமல் எல்லாரும் நின்று பாடுகிறார்கள், கிளப்காரர்கள் முறைக்கிறார்கள், எனக்கோ மானம் போகிறது. அவன் கை ஒரு நொடி நின்றது. போச்சு, மூடி வைத்துவிட்டுப் போகப்போகிறான், இந்தச் சம்பந்தம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

போகவில்லை, ஆன்சி. திரும்பிப் பார்த்தான், சிரித்தான், தன் வித்தையையெல்லாம் விட்டுவிட்டு வெறும் மெட்டை மட்டும் எங்களுக்காக வாசித்தான். தபித்தாள் அக்கா ஒவ்வொரு அடியையும் தேயிலை லாரி கொண்டைஊசி வளைவில் ஏறுகிற மாதிரி இழுப்பாள், எத்தனை ஆர்கனிஸ்ட் அவளோடு சண்டை போட்டு ஓடியிருக்கிறார்கள். இவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு, அவள் மூச்சு வாங்கினால் நிறுத்தி, கடைசிச் சரணம் வரை கூடவே வந்தான். எங்கள் கூச்சலில் அந்த வாத்தியத்தின் சத்தம் பாதி கேட்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொன்னால் என்ன.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அப்பா சொன்னார், வாத்தியம் கெடக்குது உடு, தபித்தாளுக்கே பொறுத்துப் போறவன் நம்ம புள்ளைக்குப் பொறுத்துப் போகமாட்டானா. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் போய் மூன்று வாரம் சபையில் உங்கள் கல்யாண ஓலையை வாசித்து அறிவிக்கவும் சொல்லிவிட்டார். உன்னைக் கேட்டாரா என்றால் இல்லை, நீ மட்டும் எங்களைக் கேட்டாயா?

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் ரொட்டியைத் தின்று காலம் தள்ளாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். லீவுக்கு இப்போதே எழுதிக்கொடு, மறக்காதே. கல்யாணத்துக்கும் அந்தத் தம்பிதான் வாசிக்கவேண்டும் என்று தபித்தாள் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், அப்படியானால் உன் பக்கத்தில் யார் நிற்பது என்றுதான் அப்பா யோசித்துக்கொண்டிருக்கிறார்.

உன் வாய்க்குப் பயந்த,
அம்மா