சத்தம் பத்தலையா, சுத்தம் பத்தலையா

ஆகஸ்ட் 4

மில் புகைபோக்கியைச் சாய்த்தார்களே, அந்த வருடம் இது. எங்கள் தெருவுக்குள் இரண்டாம் முறை வெள்ளம் வந்ததும், பால் வண்டிக்காரர் அறுபது வயதில் கல்யாணம் கட்டிக்கொண்டதும் இதே வருடம்தான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் கணினியில் ஒரு பித்தானைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். அழுத்திவிட்டுப் பேசினால் எழுதிக்கொள்கிறது, தேதியும் போட்டுக்கொள்கிறது. இன்னொரு பித்தானை அழுத்தினால் படித்தும் காட்டுகிறது. “மனசுல இருக்கிறதை இதுகிட்டயாவது பேசுங்கப்பா” என்றாள்.

இன்று ஒரு ஹெட்போன் வாங்கி வந்தாள். பழைய சாமான், ஆனால் பெரியது. இரண்டு கிண்ணத்தைக் காதில் கவிழ்த்த மாதிரி இருக்கிறது. “அம்மா பேசினதை இதுல கேளுங்க.” கேட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல இருந்தது. கழற்றி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6

என் மனைவி போய் ஆறு வருடம். கடைசி வாரம் மருத்துவமனையில் மகள் போனில் பதிவு செய்தது, பதினொரு நிமிடம் ஓடும். வாயையும் மூக்கையும் மூடி மாஸ்க் போட்டிருந்தாள். எட்டாவது நிமிடத்தில் தன் தம்பி பெயரைச் சொல்லி, ‘வர வே…ம்’ என்கிறாள். வேணுமா? வேணாமா?

ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசமாம். எழுத்து எனக்குத் தெரியாது, வாய் தெரியும். முப்பத்தொரு வருடம் தறிக்கூடத்தில் இருந்தவன் நான். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. ‘வேணும்’ என்றால் உதடு குவியும். ‘வேணாம்’ என்றால் வாய் திறக்கும். நாற்பதடி தள்ளி நின்று சொன்னாலும் பிடித்துவிடுவேன். அன்று மாஸ்க். வேறு வழியில்லாமல் காதை நம்பினேன். காது ‘வேணாம்’ என்றது.

இவ்வளவும் சொல்லிவிட்டுப் படித்துக் காட்டச் சொன்னால், நான் ‘வேணும்’ என்ற இடத்திலெல்லாம் ‘வேணாம்’ என்று போட்டிருக்கிறது இந்த மெஷின். இதற்கும் என் காதுதான் போல. மகளைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னேன். திருத்தினாள். ஹெட்போனை என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 7

அவன் பெயரை என் வாய் சொல்லாது. வேலைநிறுத்தத்தில் நாங்கள் எல்லோரும் மில் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்க, நான்காம் நாள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனவன். நான்தான் அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தேன்.

அவளை எடுத்த அன்று வீட்டு வாசலுக்கு எதிரே வந்து நின்றான். இத்தனை பேர் முன்னால் கத்த வேண்டாமென்று வாயை மட்டும் அசைத்தேன். ‘உங்க அக்கா உன்னை வேணாம்னுட்டா.’ தெருவைத் தாண்டி அதைப் பிடித்தான். நின்றான். அப்புறம் போய்விட்டான்.

ஆகஸ்ட் 11

ரேடியோக்காரர் கடைக்கு ஹெட்போனை எடுத்துப் போனேன். திருப்பிப் பார்த்து, “இது முன்னூறு ஓம், ஐயா” என்றார்.

“முன்னூறு தடவையா? யாருப்பா உட்கார்ந்து சொல்றது?”

சிரித்த சிரிப்பில் பற்றவைக்கும் கம்பியால் விரலைச் சுட்டுக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். சின்ன ஹெட்போனுக்கு ஒன்றும் தேவையில்லை, நேரே சொருகலாம். ஓம் என்பது மின்சாரத்தைத் தடுக்கும் அளவாம். இதன் சுருளில் தடை அதிகம், கணினி கொடுக்கும் தெம்பு இதைத் தள்ளாது.

“அப்ப ஆம்ப்ளிஃபயர் வாங்கணுமா? கடையில மககிட்ட சவுண்ட் கார்டுன்னாங்களாம்.”

“கடைக்காரன் ரெண்டையும் கட்டித் தருவான். நீங்க ஒண்ணு சொல்லுங்க. சத்தம் பத்தலையா, சுத்தம் பத்தலையா?”

“ரெண்டும் ஒண்ணு இல்லையா?”

“சத்தம் பத்தலைன்னா ஆம்ப்ளிஃபயர். சுத்தம் பத்தலைன்னா சவுண்ட் கார்ட். அழுக்கோட சத்தத்தைக் கூட்டினா அழுக்குந்தான் கூடும். ரெண்டும் போதும்னா வீட்டுக்குப் போய்த் தூங்குங்க.”

ஆகஸ்ட் 12

தறி நின்றால் பெல்ட்டா பேரிங்கா என்று பார்ப்பேனே, அதேபோல இன்று பார்த்தேன். ஒலியை முழுதாகத் திருகினேன். அவள் குரல் ஏறியது, கூடவே ஒரு கொசு ரீங்காரமும் ஏறியது. ஹெட்போனைப் பிடுங்கி மகளின் போனில் சொருகினேன். குரல் சன்னம், கொசு இல்லை. ஆக, அழுக்கு கணினியினுடையது. பத்தாதது சுத்தம்.

மகளிடம் சொன்னேன். “அப்ப அந்தக் கார்டை வாங்கிட்டு வந்துடுங்களேன்பா, இன்னைக்கே.” என்னைவிட அவளுக்கு என்ன அவசரம்?

ஆகஸ்ட் 14

போகவில்லை. கால்வலி என்றேன்.

ஆகஸ்ட் 16

கால்வலி இல்லை. பயம். ஆறு வருடமாக ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அது தப்பென்றால் நான் எங்கே நிற்பது?

ஆகஸ்ட் 19

வாங்கி வந்துவிட்டேன். கட்டைவிரல் அளவுதான். ஒரு முனை கணினிக்கு, மறுமுனை ஹெட்போனுக்கு. சத்தம் கொஞ்சம் கம்மிதான். ஆனால் கொசு போய்விட்டது. கட்டில் சக்கரம் உருள்வது கேட்கிறது. தண்ணீர் ஊற்றுவது கேட்கிறது. அவள் மூச்சு —

எட்டாவது நிமிடம். ‘வர வேணும்.’

அது மட்டுமா. இதுவரை அந்தச் சொல்லோடு நிறுத்திவிடுவேன், இன்று ஓடவிட்டேன். அதற்கடுத்து ஒரு முரட்டுக் குரல், “வேணாமா? சரி, வேணாம்.” யார்டா இவன், சாகப்போறவ சொல்லைத் திருத்துறவன் என்று பார்த்தால் நான்தான். நானேதான். அப்புறம் அவ சொல்றா. மெதுவா. வேணும். வேணும். ரெண்டு தடவை சொல்றா. அதுக்கு மேல மூச்சு இல்லை. நான் அதுக்கு என்ன சொல்றேன் தெரியுமா?

“பேசாம படு.”

ஆகஸ்ட் 20

சாப்பிடவில்லை. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“அன்னைக்கே தெரியும்பா. நான் அம்மா தலைமாட்டுலதானே இருந்தேன்.”

“ஏண்டி சொல்லலை?”

“எத்தனை தடவை சொல்ல வாயைத் திறந்தேன். ‘அந்தப் பேச்சை எடுக்காதே’ன்னு எழுந்து போனது யாரு? நான் சொன்னா நம்பியிருப்பீங்களா? உங்க குரல் சொன்னாத்தான் நம்புவீங்க. அதான் இதை வாங்கிட்டு வந்தேன்.”



ஆகஸ்ட் 23

அவன் இருக்கிறானா என்று விசாரித்தேன். ஆற்றுக்கு அக்கரையில் மகன் வீட்டில் இருக்கிறானாம். காது சுத்தமாகப் போய்விட்டதாம்.

சுத்தம் போதாது அவனுக்கு. சத்தம் வேண்டும். ரேடியோக்காரரிடம் ஆம்ப்ளிஃபயரை இரவல் கேட்டேன். “கடைசியில ரெண்டுமேவா?” என்றார்.

ஆகஸ்ட் 26

மகளே கணினியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். அவனைப் பார்த்து இருபத்தைந்து வருடக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது ஒரு கிழவன். பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவன் நின்றதுதான் தாங்கவில்லை.

ஹெட்போனை மாட்டிவிட்டேன். எட்டாவது நிமிடம். ஆம்ப்ளிஃபயரைக் கால்வாசி, பாதி, முழுக்கத் திருகினேன். பக்கத்தில் நிற்கும் எங்களுக்கே அவள் குரல் கேட்டது. அவன் தலையை ஆட்டினான். “காத்து அடிக்குது மச்சான். காத்து மட்டும்தான் அடிக்குது.”

கழற்றினேன். எதிரே உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார் என்று கை காட்டினேன். குரலே இல்லாமல், தறிக்கூடத்தில் சொல்வதுபோல, உதட்டைக் குவித்துச் சொன்னேன். அக்கா நீ வர வேணும்னுதான் சொன்னா. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்.

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். “மறுபடி சொல்லு” என்று அவனும் குரல் இல்லாமல் கேட்டான். சொன்னேன். மறுபடி. சொன்னேன்.

அப்புறம் அவனுக்குக் குரல் வந்தது. “வாசல்வரைக்கும் வந்தேனே மச்சான். பத்தடி. முகத்தையாவது பார்த்திருப்பேனே.”

இதற்கு எந்தக் கடையில் என்ன வாங்குவது?

ஆகஸ்ட் 27

அழுதேன். மெஷினே, இதையும் எழுதிக்கொள்.

செப்டம்பர் 2

ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிக் கொடுத்தேன். “சரிப்படலையா?” என்று கேட்டார். “அவன் காதுக்குச் சத்தமும் எட்டலை, சுத்தமும் எட்டலை. வாய்தான் எட்டுச்சு” என்றேன். சவுண்ட் கார்டை வைத்துக்கொண்டேன். தினமும் கேட்கிறேன். ‘பேசாம படு’ வருமுன் நிறுத்த மாட்டேன். அதையும் கேட்கத்தான் வேண்டும்.

வியாழக்கிழமை தோறும் அக்கரைக்குப் போவதாக ஏற்பாடு. அவன் வீட்டார் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இரண்டு கிழவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தால் சிரிப்பு வராதா?

எங்கள் தறி வரிசையில் ஒன்பது பேர். நூல் மேஸ்திரி மாரடைப்பில் போனார். நெட்டையனும் அவன் அண்ணனும் ஒரே வருடத்தில், பெரிய வெள்ளத்தின்போது. பாட்டுக்காரன் தொண்டையில் கட்டி வந்து. எண்ணெய்ச் சட்டை, படுத்தவன் எழுந்திருக்கவில்லை. பூனைக்கண்ணன் மகளைப் பார்க்கப் போன ஊரில். சங்கத் தலைவர் போன மழைக்காலத்தில். ஏழு பேர். என்னைத் தள்ளினால், நான் குரல் இல்லாமல் பேசுவதைப் பிடித்துக்கொள்ள இந்த உலகத்தில் இன்னும் உயிரோடு இருப்பவன் ஒருவன்தான். அவள் கூப்பிட்ட பெயர் அவனுக்கு —

சிட்டு.