கட்டைவிரல் கட்டு

நேற்று சாயங்காலம் உன் வீட்டுக்காரர் உன் யோகா விரிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். "வீட்டுல இனி யாரு விரிக்கப் போறா, நீங்களே வச்சிக்கிடுங்க" என்றார். விரித்துப் பார்த்தேன். கால் சுண்டி இழுக்கும்போது நீ தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசம் அப்படியே இருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உன் காரியத்திலும் வரவில்லை. "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தென்காசி ஆஸ்பத்திரியின் யோகா அறையில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எனக்கு முடக்குவாதம், விரல் மடங்காது, இடுப்பு பிடித்துக்கொள்ளும். உனக்குச் சிறுநீரகம் போய் டயாலிசிஸ். ஊசி குத்துகிற இடது கையில் பாரமே விழக் கூடாது. முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நம்ம ரெண்டு பேரையும் சேத்துத் தச்சா ஒரு முழு ஆளு தேறும்லா" என்றாய். பிறகு என் வீட்டுக் கூடத்திலேயே செய்ய ஆரம்பித்தோம். நான் வீம்புக்கு இன்னும் கொஞ்சம் வளைந்தால் போதும், "வலி வாரதுக்கு முந்துன ஸ்டாப்புலயே எறங்கிரணும்ட்டி" என்று அதட்டுவாய்.

சாரல் தொடங்கினால் என் மூட்டெல்லாம் இறுகிவிடும். ஆனாலும் குற்றாலம் போகாமல் உனக்கு இருப்புக்கொள்ளாது. அருவிக்கு அடியில் நிற்க உன் கைக்கும் ஆகாது, என் இடுப்புக்கும் ஆகாது. ஐந்தருவிப் பக்கம் சுவரோரமாக உட்கார்ந்து, முகத்தில் சாரல் விழ, மூச்சை இழுத்து விடுவோம். எண்ணெய்க்காரர் ஒருவர், "வாங்கக்கா, மசாஜ் போட்டா வலியெல்லாம் பறந்துரும்" என்று கூப்பிட்டார். "எங்களத் தொட்டா கழண்டு கையோட வந்துரும் அண்ணாச்சி" என்றாய். மனுஷர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

கடைசியாக மல்லாந்து படுக்கிற ஆசனம் ஒன்று உண்டே, சவாசனம், அந்தப் பெயரை நீ வாயால் சொல்ல மாட்டாய். "ஆக்கங்கெட்ட பேரு" என்பாய். படுத்தால் என் பாதங்கள் வெளிப்பக்கம் சாய்ந்து இடுப்பைப் பிடுங்கும். ஒருநாள் நீ பழைய சேலைக் கரையைக் கிழித்து, என் இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டினாய். வலி சட்டென்று நின்றது. அந்த நேரம் பார்த்து என் மாமியார் காப்பியோடு வந்தார்கள். "ஏட்டி, கூறு இருக்கா ஒங்களுக்கு? இவ பாட்டுக்குக் கட்டுதா, அவ பாட்டுக்குக் கெடக்கா! உயிரோட இருக்கவளுக்கு யாராவது கட்டவெரலக் கட்டுவாவளா?" என்று அந்தச் சேலைக் கரையை உருவி எறிந்தார்கள். நாம் இடுப்பு நோகச் சிரித்தோம்.

கட்டியது எனக்கு. போனது நீ. உங்கள் வீட்டில் உன்னைக் கிடத்தி உன் கால் கட்டைவிரல்களைக் கட்டியபோது பக்கத்தில்தான் நின்றேன். இவ்வளவு இறுக்கிக் கட்டுகிறார்களே, நீ தளர்வாகத்தானே கட்டுவாய் என்று மட்டும் நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

அதன்பிறகு நாற்காலிப் பயிற்சியெல்லாம் பல் தேய்ப்பது போல நடக்கிறது. கடைசியில் மல்லாந்து படுக்க மட்டும் முடியவில்லை. கண்ணை மூடினால் உன்னைப் போலவே கிடக்கிறேன் என்று தோன்றி எழுந்துவிடுவேன். அந்த ஓய்வு இல்லாமல் வீக்கம் வடியாது, இப்படியே போனால் நடை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதையும் யாருக்கோ சொன்னதைப் போலத்தான் கேட்டுக்கொண்டேன்.

இன்று காலை உன் விரிப்பில் படுத்தேன். பாதங்கள் சாய்ந்தன. இடுப்பில் சுரீரென்று வலித்தது. நீ போன பிறகு எனக்கு உறைத்த முதல் விஷயம் அந்த வலிதான். அதுவும் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. காலை நகர்த்தாமல் கிடந்தேன்.

என் முனகல் கேட்டு மாமியார் அடுப்படியிலிருந்து வந்தார்கள். "என்னட்டி, என்ன வேணும்?"

"அவ வேணும் அத்த" என்றேன்.