லிஃப்ட் வாசலில் ஒரு வார்த்தை

ஜூன் 4

அன்புள்ள நெட்டை,

நீ ஃபோனை எடுக்கவில்லை. டாக்டர்கள் விடுதியில் எதிர் அறையில் இருக்கிறவனுக்குக் கடிதம் எழுதிக் கதவிடுக்கில் செருக வேண்டியிருக்கிறது, என் தலையெழுத்து!

ஏழாம் படுக்கை அம்மா பிழைத்துவிட்டார். நேற்றுக் கண் திறந்து தண்ணீர் கேட்டார். ஆனால் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "உன் கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா, முடிச்சிடலாம்" என்கிறார்.

எழுத மாட்டேன். அன்று காலை நைட் டியூட்டி முடிந்து, லிஃப்டுக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு நீ சொன்னது இவ்வளவுதான்: "ஏழாம் பெட்டுக்கு ரத்தம் ஏத்தியாச்சு. பாத்துக்கோ, வரேன்." கேன்டீன்காரரிடம்கூட 'பாத்துக்கோங்க' என்று விடைபெறுகிறவன் நீ. உள்ளே ரத்தம் கசியலாம், மத்தியானம் மறுபடி ரத்தப் பரிசோதனை செய் என்பதையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் மடித்து வைத்திருந்தாய் என்று, சாயங்காலம் அந்த அம்மா நினைவிழக்கும்வரை எனக்கு எப்படித் தெரியும்? நானும் கேட்கவில்லை, அது என் தப்புதான். ஆனால் முழுத் தப்பும் எனக்கு மட்டும் சொந்தமில்லை.

வாலு

ஜூன் 5

வாலு,

ஊரோடு ஒத்து வாழ். ஒரு வரிதானே? நீ அடம்பிடித்தால் விசாரணை வைப்பார்கள், என்னையும் கூப்பிடுவார்கள். பரீட்சைக்கு உட்கார விடாவிட்டால் வீட்டில் எந்த முகத்தோடு பேசுவேன்? எனக்காக எழுது.

நெட்டை

ஜூன் 9

அன்புள்ள நெட்டை,

உனக்காக என் சாப்பாட்டைத் தருவேன், தூக்கத்தைக்கூடத் தருவேன். இதைத் தர மாட்டேன். நான் அந்த வரியை எழுதிவிட்டால், நாளைக்கு இன்னொருத்தி லிஃப்ட் வாசலில் இதே மாதிரி நிற்பாள்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு படுக்கையருகிலும் நின்றுதான் வார்டுப் பொறுப்பை வாங்குகிறேன். என்ன நோய், எதற்குப் பயப்பட வேண்டும், அப்படி நடந்தால் என்ன செய்வது என்று கேட்டு, திருப்பிச் சொல்லி, டியூட்டி முடித்துப் போகிறவர் ஆமாம் என்ற பிறகே ஆளை விடுகிறேன். எனக்கு 'டீச்சரம்மா' என்று பேர் வைத்துவிட்டார்கள். பெரிய டாக்டர், "இது ஆஸ்பத்திரியா, பள்ளிக்கூடமா?" என்று கத்தினார்.

"ரெண்டும்தான் சார்" என்றேன்.

நாளை விசாரணை. நீ சொன்னதை நீ சொன்னபடியே சொல்வேன். உன் வாய்க்கு நான் பூட்டுப் போட முடியாது, நீயும் என் வாய்க்குப் போடாதே.

வாலு

ஜூன் 10

வாலு,

"தெளிவா சொன்னீங்களா?" என்று கேட்டார்கள். உன் முகத்தைப் பார்க்காமல்தான் பதில் சொன்னேன்: "சொன்னேன் சார். தெளிவா சொல்லலை."

என் பரீட்சை ஆறு மாதம் தள்ளிப் போய்விட்டது. உன்னால்தான். அம்மா ஃபோனில் அழுதாள். உன்னை மன்னிப்பேனா என்று தெரியவில்லை, இப்போதைக்கு மனசு வரவில்லை.

நாளை காலை வார்டை நீ என்னிடம் ஒப்படைக்க வேண்டும். முதல் படுக்கையருகே நிற்பேன். உன்னோடு பேச மாட்டேன். நீ சொல்வதைத் திருப்பி மட்டும் சொல்வேன்.

நெட்டை