கடைசியாக நகர்ந்தவன்

கெலமங்கலம்,
24-3-1968.

அன்பு மகன் ஆரோக்கியநாதனுக்கு அப்பா இன்னாசிமுத்து ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், கரக்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு ஒர்க்‌ஷாப் வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறோம். எல்லோரும் சுகம் என்று எழுது என்றேன், உன் தங்கை மேரிராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், அதனால் அதை எழுதவில்லை. வழக்கம்போல நான் வாயால் சொல்வதை அவள்தான் தன் படித்த தமிழில் திருத்தி எழுதுகிறாள். உன் தம்பி அருள்ஜோசப்புக்கு நெஞ்சில் வியாதி. இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது என்று பெங்களூர் டாக்டர் சொல்லிவிட்டார். ஏழு வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தானே, அன்றே பிடித்ததாம். வேலூரில் ஆபரேஷன் செய்தால் பிழைப்பான், தள்ளிப்போட்டால் சொல்ல முடியாது என்கிறார். ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதிக்குப் படுக்கை கிடைத்திருக்கிறது. ஆனால் அருள் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இது எப்படி வெளியே வந்தது என்று உனக்கு முழுவதும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீ அங்கே உட்கார்ந்து உன் பேரில் தப்பு என்று நினைத்துக்கொள்வாய். போன ஜூனில் நீ கல்கத்தாவில் ஃபுட்பால் மேட்ச் பார்த்துவிட்டு நம் ஊர் டீமுக்கு ஒரு ஆட்டமுறை எழுதி அனுப்பினாய் அல்லவா. பந்து நம் காலைவிட்டுப் போனால் நம் கோலைப் பார்த்துத் திரும்பி ஓடக் கூடாது, பக்கத்தில் இருப்பவன் அந்த நொடியே எதிராளிமேல் போக வேண்டும், இன்னும் இரண்டு பேர் அவன் பந்தைத் தள்ளக்கூடிய வழிகளை அடைக்க வேண்டும், பின்னால் நிற்பவர்களும் நடுக்கோடு வரை ஏறி வர வேண்டும் என்று படம் போட்டு எழுதியிருந்தாய். பெங்களூர் கண்டோன்மெண்டில் பட்டாளத்துக்காரர்கள் ஆடியதைப் பத்து வருஷம் பார்த்தவன் நான், எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஒரு மாதம் எல்லோரும் வாயில் நுரை தள்ளினார்கள். ஆனால் ஆகஸ்டில் ஓசூர்க்காரர்கள் வந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. அவர்கள் பின்னாட்கள் பந்தை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பதற்குள் நம் ஆட்கள் முன்னால் நின்றார்கள், அவசரத்தில் உதைத்த பந்து நேராக நம் காலுக்கே வந்தது, அங்கிருந்து கோலுக்கு இருபது அடிதான். முன்பெல்லாம் நம் பக்கத்திலிருந்து பந்தை மைதானம் முழுக்கத் தூக்கிக்கொண்டு போவதற்குள் பாதி வழியில் பறிகொடுப்போம். அதற்கு முந்தின வருஷம் நமக்கு நாலு கோல் போட்ட அதே டீமை மூன்றுக்கு ஒன்றில் ஜெயித்தோம். நம் கேப்டன் சென்னகிருஷ்ணன் என்னிடம் வந்து, "மாஸ்டர், இன்னிக்கு அவங்க மூச்சு விடறதுக்கே நம்மகிட்ட பர்மிஷன் கேட்டாங்க" என்றான்.

அந்த ஆட்டத்தில் ஒருவன் நின்றாலும் மற்ற பத்துப் பேரும் ஓடியது வீண், அவன் விட்ட சந்து வழியாகவே பந்து வெளியே போய்விடும். அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன். பயிற்சியில் பந்து பறிபோனதும் யார் கடைசியாக நகர்கிறானோ அவன் மைதானத்தை மூன்று சுற்று ஓட வேண்டும். தினமும் அருள்தான் கடைசி. காலில் பந்து இருந்தால் அவனை மிஞ்ச இந்தத் தாலுக்காவில் ஆள் கிடையாது, பந்து போனால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பான். பழைய ஆட்டத்தில் அவன் நின்றது யாருக்கும் தெரியவில்லை, பந்து தன்னிடம் வரும்வரை எல்லோருமே நின்றுகொண்டுதான் இருந்தார்கள். இப்போது தெரிந்தது, நான் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டேன். மாஸ்டர் தன் மகனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாதே என்று அவனுக்கு மட்டும் மூன்றை ஐந்தாக்கினேன். பொங்கல் டோர்னமெண்ட் ஃபைனலில் ஆனேக்கல் டீமோடு ஆடும்போது இடைவேளையில் எல்லோர் முன்னாலும், "ஏண்டா, சோறுதானே திங்கறே? பத்துப் பேர் ஓடி ஜெயிக்கறதுக்கு நீ மாப்பிள்ளையாட்டம் நிக்கறியா?" என்று கேட்டேன். அவன் இரண்டாம் பாதியில் யாரையும்விட முந்தி ஓடினான், மூன்று முறை அவனே போய்ப் பந்தைப் பறித்தான், கடைசிக் கோலும் அவன் பறித்த பந்திலிருந்து வந்ததுதான். விசில் ஊதியதும் எல்லோரும் சென்னகிருஷ்ணனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள், இவன் கோல் கம்பத்தடியில் படுத்திருந்தான். களைப்பு என்று நினைத்தேன். கிட்டே போனபோது எச்சிலில் ரத்தம் இருந்தது.

இப்போது வீட்டில்தான் இருக்கிறான். இரண்டு தலையணை வைத்தால்தான் மூச்சு வருகிறது. அம்மா உப்பில்லாமல் கஞ்சி வைக்கிறாள், தபசுகால விரதம் என்று சொல்லி அவளும் அதையே குடிக்கிறாள். டீம் பையன்கள் வாராவாரம் வருகிறார்கள். போன ஞாயிறு சென்னகிருஷ்ணன், "உன் எடத்துல முனிவேலைப் போட்டிருக்கோம்டா, குதிரையாட்டம் ஓடறான், ஆனா பந்துதான் அவன் காலைக் கண்டா பயந்து ஓடிருது" என்றதும் சிரித்துவிட்டான், பிறகு வெகுநேரம் இருமினான். அவர்கள் போன பிறகு நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தெரியாமல் அப்படிப் பேசிவிட்டேன், அந்தச் சுற்றெல்லாம் உன்னை ஓட வைத்திருக்கக் கூடாது என்று சொன்னேன். என் வயசுக்கு நான் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீங்க போட்ட சட்டம் சரிதாம்ப்பா, நான்தான் கடைசியா நகர்ந்தேன்" என்றான். கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆபரேஷனைப் பற்றிப் பேசினால், இனிமேல் விளையாட முடியாத உடம்பைக் கீறி எதற்கு என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பங்குச் சாமியாரும் சொல்லிப் பார்த்தார். உன் சொல்லுக்கு மட்டும்தான் அவன் கட்டுப்படுவான்.

அதனால் லீவு கேட்டு நீ கிளம்பி வா மகனே. கொடுக்காவிட்டால் கெஞ்சியாவது வாங்கு. மதராஸ் வந்து பெங்களூர் ரயிலில் ஏறு, அங்கிருந்து ஓசூர் பஸ் நிறைய உண்டு. நீ எழுதிய ஆட்டமுறையில் ஒரு குற்றமும் இல்லை, அது நல்ல ஆட்டம், அதில் ஆடித்தான் இவர்கள் கோப்பை வாங்கினார்கள், அதைப் பற்றி மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. வழியில் கண்டதைத் தின்னாதே, தண்ணீர் பார்த்துக் குடி. மாதா உன்னைக் கைப்பிடித்துக் கூட்டி வரட்டும். கிளம்பும் தேதியைத் தந்தியில் சொல்ல மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
சூ. இன்னாசிமுத்து

அண்ணா, இதற்குக் கீழே இருப்பதை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வரும்போது தினமும் மைதானத்து வேலி ஓரமாகத்தான் நடந்து வருவேன். செப்டம்பரிலேயே அருளின் உதடு நீலமாக இருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, "அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும், அப்பாகிட்ட சொல்லிடாதே, டீமை விட்டு எடுத்துடுவாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆண்கள் விளையாட்டில் நான் என்ன பேசுவது என்று எனக்கும் ஒரு சாக்கு இருந்தது. நான்கு மாதம் சும்மா இருந்தேன். அப்பா தன் குற்றத்தை ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல நான் வாய் திறக்காமல் எழுதினேன். நீ வந்ததும் எனக்காக இதை அப்பாவிடம் சொல்லிவிடு. என்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மேரிராணி