கொசுவம் பிடித்த கை

இன்று காலை பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் என் கையைப் பார்த்தேன்.

புதிய ஆராய்ச்சிச் செய்திகளை வாரம் ஒருமுறை அச்செடுத்து ஒட்டுவது எங்கள் அறிவியல் டீச்சர்களின் வேலை என்பது உனக்குத் தெரியும். இந்த வாரம் என் முறை இல்லை. மருத்துவம், உயிரியல், ரோபோ என்று எல்லாம் கலந்து புது டீச்சர் ஒட்டியிருந்தாள். குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி ஒன்று, பல்லிபோலச் சுவரேறும் குட்டி ரோபோவைப் பற்றி ஒன்று, அதற்குக் கீழே ஒரு கை. கறுப்புக் கையுறை, விரல்கள்மேல் ஓடும் மெல்லிய கம்பிகள், விரல்களுக்கு நடுவே ஒரு சேலைக் கொசுவம். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். பார்டரில் இஸ்திரிப் பெட்டி சுட்ட சின்னப் புள்ளி. முகம் படத்தில் இல்லை. எனக்கு அது தேவையும் இல்லை.

'அன்புள்ள' என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

பக்கவாதத்தில் மடங்கிப்போன கைக்கு ரோபோ கையுறை நல்ல பலன் தருகிறதாம். கையுறையைக் கழற்றிப் பல மாதங்கள் ஆன பிறகும் அந்தப் பலன் அப்படியே நிலைக்கிறதாம். போட்டுக்கொண்டவர்களே போனில் அப்படிச் சொன்னார்களாம். ஒரு பெண் இப்போதும் தன் சேலையைத் தானே கட்டிக்கொள்கிறாராம். கடைசி வரியில், மறைந்த பிசியோதெரபிஸ்டின் நினைவுக்குக் காணிக்கை என்று உன் பெயர்.

சேலையைத் தானே கட்டிக்கொள்கிற அந்தப் பெண் சுடிதாரில் நின்றுகொண்டு அதைப் படித்தாள். இடது கை துப்பட்டாவுக்குள் முட்டியாக மடங்கியிருந்தது. மணி அடித்தது. ஏழாம் வகுப்புக்குப் போய் ஒளிச்சேர்க்கை நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நீ தங்கவயல்காரி, நான் மார்டள்ளிக்காரி. வேறு வேறு படிப்பு. கன்னடம் பேசும் ஊரில் இரண்டு பேரும் தமிழ் பேசுகிற பெண்கள் என்ற ஒரே காரணத்துக்காக விடுதி வார்டன் நம்மை ஒரே அறையில் போட்டார். கல்லூரி விழா நாட்களில் நான் கண்ணாடி முன் நிற்பேன், நீ காலடியில் குத்தவைத்து என் கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக நீவி இழுத்துவிடுவாய். "ஆடாதடி கம்பம்" என்று முழங்காலில் ஒரு தட்டு தட்டுவாய். என் கல்யாணத்திலும் என் காலடியில் உட்கார்ந்திருந்தது நீதான். அதனால்தான் இந்தப் படம் என்னை இப்படிச் சுடுகிறது. யாரோ ஒரு ஆராய்ச்சிக்காரர் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

எனக்குப் பக்கவாதம் வந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவந்தவளும் நீ. என் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. "எப்படி இருக்குது?" என்றாய். நான் குழறலாக, "நல்லாருக்கேன் புள்ள" என்றேன். நீ அழுதுகொண்டே சிரித்தாய்.

"உன்னைப் பெட்டியில வெச்சு மூடினாலும் உள்ள இருந்து நல்லாருக்கேன்னு சொல்லுவடி நீ. உன்னக் கேட்டு இன்னா பிரயோஜனம்? உன் கையப் பாத்துதான் தெரிஞ்சிக்கணும்."

இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள். திரும்ப இதற்கு வருவேன்.

ஒற்றைக் கையால் டம்ளர் கழுவலாம், கரும்பலகையில் எழுதலாம், சேலை கட்ட முடியாது. ஒரு கை மடிக்க, ஒரு கை பிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் ஹெப்பாள் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கப் போகும் அவசரத்தில் எனக்குக் கொசுவம் பிடித்துவிடுவார். வாசல் தாண்டுவதற்குள் பாதி இறங்கிவிடும். மகள் கொக்கி வைத்துத் தைத்த சேலை ஒன்று வாங்கி அனுப்பினாள். அதை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனால் ஆண்டு விழா நாடகத்துக்கு வேஷம் கட்டியதுபோல இருந்தது. இத்தனை வருடம் சேலையில் நின்று பாடம் நடத்தியவள் சுடிதாருக்கு மாறினேன். உலகம் ஒன்றும் கவிழவில்லை. ஆனால் தினமும் காலையில் பீரோவைத் திறக்கும்போது எனக்கு அழுகை வந்தது. இதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்.

அப்போதுதான் கையுறையைக் கொண்டுவந்தாய். உங்கள் ஆராய்ச்சி மையத்தில் செய்தது. விரிக்க வேண்டும் என்று நான் நினைத்தால் முன்கைத் தசையில் எழும் துடிப்பைப் பிடித்து அது விரல்களை விரிக்கும் என்றாய். ஆராய்ச்சிக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் படிக்கக் கேட்டேன். "நான் இருக்கேன் இல்ல, போடு" என்றாய். போட்டேன்.

கறுப்பாகவும் முரட்டுத்தனமாகவும் இருந்த அதற்கு நீதான் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாய். "மாப்பிள்ளைக்குச் சார்ஜ் போட்டியா? மாப்பிள்ளை நேத்து ஒழுங்கா வேலை செஞ்சாரா?" என்று போனில் கேட்பாய். மாட்டுவதற்கு முன் மடங்கிய விரல்களைத் திறக்கவும் நீதான் கற்றுக்கொடுத்தாய். "விரலப் பிடிச்சு இழுக்காத. மணிக்கட்ட மடக்கு. விரல் தானா இளகும்." இளகியது.

மையத்தில் மரக்கட்டைகளை எடுத்து வைக்கச் சொல்வார்கள். எனக்குக் கட்டை வேண்டாம், சேலை கொடுங்கள் என்றேன். நீ சிரித்தாய், ஆனால் ஒத்துக்கொண்டாய். பல வாரம் கொசுவம் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் நின்றது. மஞ்சள் சேலை, ஐந்து மடிப்பு, என் இடது கை அதைப் பிடித்துக்கொண்டு நின்றது. நீ பழக்க தோஷத்தில் என் காலடியில் உட்கார்ந்து அடிமடிப்பை நீவிவிட்டாய். அப்புறம் அங்கிருந்தே கையைப் படம் எடுத்தாய். நமக்காக எடுக்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த நாள் சேலையில் பள்ளிக்கூடம் போனேன். கூட வேலை பார்க்கும் டீச்சர்கள் கை தட்டினார்கள்.

பிறகு ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தாய். சாப்பிட்டாய், ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாய். கை கழுவிவிட்டு, "மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்ல. சின்ன ரிப்பேர். வியாழக்கிழமை கொண்டாந்து விட்டுடறேன்" என்றாய். நீயே என் கையிலிருந்து கழற்றினாய். நான் சார்ஜரை எடுத்து நீட்டினேன். "அது இங்கியே இருக்கட்டும், எப்படியும் திரும்பி வரப்போவுது" என்றாய்.

அந்தச் சார்ஜரைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பொய்யைச் சொன்னதோடு விட்டிருக்கலாம். அதற்கு ஒரு சாட்சியையும் என் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாய். திரும்பி வராது என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? அழுதிருப்பேன். கொஞ்சம் கத்தியிருப்பேன். அப்புறம் உனக்குக் காபி போட்டுக் கொடுத்து, சார்ஜரையும் சுற்றிக் கொடுத்திருப்பேன். உனக்கு அது தெரியாதா?

எத்தனையோ வியாழக்கிழமைகள் சாப்பாட்டு மேசையைத் துடைத்து வைத்துக் காத்திருந்தேன். கேட்டபோதெல்லாம் ஸ்பேர் வரவில்லை என்றாய். பிறகு போனை எடுப்பதையே குறைத்துவிட்டாய். கை மெல்ல மெல்லப் பழையபடி மடங்கியது.

மாதங்கள் கழித்து நீயாகக் கூப்பிட்டபோது நான் தேவராஜ மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். பூக்காரம்மாதான் பொட்டலத்தை என் தோள்பையில் வைத்துவிட்டாள். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டேன். உன் குரல் யாரோபோல இருந்தது. "டம்ளர் பிடிக்க முடியுதா? பொத்தான் போட முடியுதா? சேலை கட்ட முடியுதா?" சுற்றிலும் ஒரே சத்தம். உன் குரலில் ஏதோ ஒரு களைப்பு. குறை சொன்னால் நீ வருத்தப்படுவாயே என்று தோன்றியது. "எல்லாம் ஆகுது. நல்லாருக்குது புள்ள" என்றேன். "குட்" என்றாய். வாழ்க்கையில் ஒரு நாளும் என்னிடம் சொல்லாத வார்த்தை. வைத்துவிட்டாய். கையுறையைப் பற்றி ஏதாவது சொல்வாய் என்று நான் இன்னும் காதில் இடுக்கிக்கொண்டே நின்றேன்.

அடுத்த முறை உன்னைப் பார்த்தபோது நீ கண்ணை மூடியிருந்தாய். மாரடைப்பு என்றார்கள். உன் அக்கா என் தோளைக் கட்டிக்கொண்டு, "நீதாண்டி அவளுக்குச் சேலை கட்டி உடணும். உன் கை சரியாப்போச்சு, தானா சேலை கட்டுறான்னு எவ்ளோ சந்தோஷமா சொன்னா தெரியுமா!" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. துப்பட்டாவை விலக்கிக் கையைக் காட்டினேன். அக்கா பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அவளே மடித்தாள். மடிப்பு கலையாமல் இருக்க என் மடங்கிய கை முட்டியை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். உன் கொசுவத்துக்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மலர்வளையத்தோடு உன் மையத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வெட்கமில்லாமல், என் கையுறை எப்போது வரும் என்று அவரிடம் கேட்டேன். "அது அன்னைக்கே அடுத்த ஊர் பேஷண்டுக்குப் போயாச்சே மேடம். உங்களுக்குச் சொல்லலையா?" என்றார். அன்று என்னால் அழ முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

நீ சொன்னது அந்த ஒரு பொய் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று பலகையின் முன்னால்தான் அந்தப் போனும் என்னவென்று புரிந்தது. நீ நலம் விசாரிக்கவில்லை. கணக்கெடுத்தாய். என் 'நல்லாருக்குது' என்ன பெறும் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் நீ. கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றவள் நீ. கையைப் பார்க்க வந்தாயா? உண்மையிலேயே நம்பினாயா, நம்பினால் வசதி என்று நம்பினாயா? எதுவானாலும் எனக்கு ஒன்றுதான்.

கழற்றிய பிறகும் பலன் நிலைக்கிறது என்றால், இனி எல்லோரிடமிருந்தும் கழற்றிவிடுவார்கள். எங்கேயோ ஒருத்தி மேசையைத் துடைத்து வைத்துக் காத்திருப்பாள்.

அதனால் சாயங்காலம் மையத்துக்குப் போன் செய்தேன். உன் பெயர் கெடும் என்று ஒரு நிமிடம் கை தயங்கியது. பிறகு செய்தேன். எடுத்தவர் அடையாளம் கண்டுகொண்டு, "ஹேகிதீரா மேடம்? கை ஹேகிதே?" என்று கன்னடத்தில் அன்பாக நலம் கேட்டார். என் வாய் தன்பாட்டில், "சென்னாகிதே" என்றது, அதே நல்லாருக்குதுதான். பழக்கம் அப்படி. அவர், "சந்தோஷா மேடம்" என்றார்.

"இல்லை," என்றேன். "சென்னாகில்லா. நல்லா இல்லை. கை மூடிப்போச்சு. அன்னைக்கும் நல்லா இல்லை."

நான் சொன்னதை அவர் எழுதிக்கொண்டார். பிறகு, வந்து கையைக் காட்ட முடியுமா, எந்தக் கிழமை வசதி என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன்.

அதே மஞ்சள் சேலையை நானே ஒற்றைக் கையால் கட்டிக்கொண்டு போகப்போகிறேன். கொசுவம் நிற்காது. நிற்காததை அவர்கள் பார்க்கட்டும். சார்ஜரையும் சுற்றிப் பையில் வைத்துவிட்டேன். காலையில் கிளம்பும் முன் கையைக் கழுவ வேண்டும், அதற்கு விரல்களைத் திறக்க வேண்டும். மணிக்கட்டை மடக்கித்தான் திறப்பேன், நீ சொல்லிக்கொடுத்தபடி. வேறு வழி எனக்குத் தெரியாது.